ரோகிணி, புனர்பூசம், சுவாதி: முதிய விண்மீன்களும் அவற்றின் கோள்களும்

(ஆரியங்கோட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விண்மீன்களை இந்த ஊருக்கு யாரும் வந்து அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. குழந்தையின் நாள் எது என்று கேட்டால் புணர்தம் என்றோ சோதி என்றோ இங்கே பாட்டிமார் சட்டென்று சொல்வார்கள். மிளகுக்கொடி நடத் திருவாதிரை ஞாற்றுவேலைக் காலம் வரட்டும் என்று காத்திருப்பார்கள். திருவிதாங்கூர் மன்னர்களின் பெயர்களிலேயே ஆயில்யம், விசாகம், மூலம் என்று விண்மீன்கள் இருக்கின்றன. அப்படிப் பெயர் பெற்ற சுவாதி திருநாள்தான் 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வகத்தை அமைத்தார். அந்த ஆய்வகத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

27 நாள்மீன்களில் மூன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ரோகிணி, புணர்தம் என்னும் புனர்பூசம், சோதி என்னும் சுவாதி. மேல்நாட்டு வானியலில் ரோகிணிக்கு அல்டெபரான் என்று பெயர். புனர்பூசத்தின் இரட்டை மீன்களில் சற்றுக் கூடுதலாக ஒளிர்வது போலக்ஸ். சுவாதி என்பது ஆர்க்டரஸ். மூன்றும் வெறுங்கண்ணுக்கே செம்மஞ்சளாகவோ மஞ்சளாகவோ தெரியும். மூன்றும் இளமை கடந்தவை, ஊதிப் பெருத்தவை. 1993இல் ஆர்ட்டி ஹாட்சஸ், வில்லியம் காக்ரன் என்ற இரண்டு வானியலாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று விண்மீன்கள் சில நூறு நாள்களுக்கு ஒருமுறை மெல்ல நம்மை நோக்கி வருவதும் பிறகு விலகுவதுமாக இருக்கின்றன என்பது அதன் செய்தி. அந்த மூன்று விண்மீன்கள் இவைதாம். பஞ்சாங்கம் பார்த்து அவர்கள் எடுக்கவில்லை. வானில் ஒளிமிக்க முதிய விண்மீன்களைத் தேடினார்கள், நம் முன்னோர் கண்ணில் பட்டவையே அவர்கள் கண்ணிலும் பட்டன.

அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். நம் சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றுகூட அன்று உறுதியாகியிருக்கவில்லை. மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி விண்மீனின் கோளை அறிவித்தது 1995இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ரோகிணியும் புனர்பூசமும் சுவாதியும் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன. சொன்னது என்ன என்று பிரித்தறியத்தான் முப்பது ஆண்டு ஆகிறது. இன்னும் முழுதாக முடிந்தபாடில்லை.

முதுமை என்று நான் சொல்வதை முதலில் விளக்கிவிடுகிறேன். விண்மீன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மையத்திலுள்ள ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றிக் கழிக்கிறது. மையத்து ஹைட்ரஜன் தீர்ந்ததும் மையம் சுருங்கிச் சூடேறுகிறது. அதைச் சுற்றியுள்ள அடுக்கில் எரிப்பு தொடர்கிறது. வெளிப்பகுதி உப்பிக் குளிர்ந்து சிவக்கிறது. இதைச் செம்பெருமீன் என்கிறோம். புனர்பூசத்தின் போலக்ஸ் சூரியனைப் போல் ஏறக்குறைய 9 மடங்கு அகலம். சுவாதி 25 மடங்கு. ரோகிணி 40 மடங்குக்கும் மேல். நம் சூரியனுக்கும் இந்தப் பருவம் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டில் வரும்.

புள்ளியாகத் தெரியும் ஒளியைப் பார்த்து இது பெருத்தது, இது சிறியது என்று எப்படிச் சொல்வது? இங்கே நம்மவர் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. சென்னையில் 1927இல் பிறந்த வைணு பாப்பு, அமெரிக்காவில் ஆலின் வில்சனோடு சேர்ந்து 1957இல் ஓர் உறவைக் கண்டு சொன்னார். குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியத்தால் உண்டாகும் ஒரு கருங்கோடு இருக்கிறது. அந்தக் கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தோன்றும். கீற்று எவ்வளவு அகலமோ, விண்மீனின் உண்மை ஒளி அவ்வளவு அதிகம். வில்சன்–பாப்பு விளைவு என்று உலகமெங்கும் பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான். பின்னாளில் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவரும் அவரே. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இதே கால்சியக் கோடு கோள் தேடலிலும் காவலாளாக நிற்கிறது. விண்மீனின் பரப்பில் காந்தக் கொந்தளிப்பு கூடினால் கீற்றின் வலிமையும் கூடும். கோள் என்று நாம் நினைக்கும் துடிப்போடு கால்சியக் கீற்றும் சேர்ந்து ஏறி இறங்கினால், அங்கே கோள் இல்லாமலும் இருக்கலாம்.

இனி அளக்கும் வழி. கோள் விண்மீனைச் சுற்றுகிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் இரண்டும் ஒரு பொது மையத்தைச் சுற்றுகின்றன. கோள் கண்ணுக்குத் தெரியாது. விண்மீனின் சிறு அசைவு தெரியும். நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி சற்றே நீலப்பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப்பக்கம் நகரும். வியாழன் நம் சூரியனை அசைக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் 12 மீட்டர். பூமியால் வரும் அசைவு விநாடிக்கு 9 சென்டிமீட்டர். போலக்ஸ் அசைவது விநாடிக்கு 40 மீட்டரைச் சற்றுக் கடந்து. அதாவது ஒளியலையின் நீளம் கோடியில் ஒன்றரைப் பங்கு மாறுகிறது. அதை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இங்கேதான் முதிய விண்மீன்களின் தொல்லை தொடங்குகிறது. பனையேறி உச்சியில் நின்று பாளை சீவும்போது பனை ஆடும். காற்றடித்தாலும் பனை ஆடும். ஏறியவரைப் பார்க்க முடியாத தூரத்தில் நின்று, ஆட்டத்தை மட்டும் பார்த்து, மேலே ஆள் இருக்கிறாரா என்று சொல்ல வேண்டும். நம் சூரியன் காற்றில்லாத நாளின் பனை. செம்பெருமீனில் காற்று ஓயாது. அதன் வெளிப்பகுதி மிக மென்மையாகி, விம்மியும் தணிந்தும் கொண்டிருக்கும். 1867இல் சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ரெட்டிக்குலம் தொகுதியில் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். அது செம்பெருமீன்களின் கடைசிப் பருவத்தைச் சேர்ந்த மைரா வகை. அங்கே விம்மல் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியது. ரோகிணியிலும் சுவாதியிலும் அது நுணுக்கமானது. ஆனால் கோள் தேடுகிறவருக்கு அந்த நுணுக்கமே பெரிய இடர். போதாததற்குப் பரப்பில் புள்ளிகள் இருந்து, விண்மீன் தன்னைத் தானே சில நூறு நாளில் ஒருமுறை சுற்றினால், அதுவும் கோள் மாதிரியே கணக்கில் வந்து நிற்கும்.

இந்தத் தொல்லைக்கு அவசரம் உதவாது. காமா சீபி என்ற விண்மீனைக் கேளுங்கள். அதுவும் முதுமை எய்திய ஒன்று. 1988இல் கனடாவின் புரூஸ் கேம்பெல், கார்டன் வாக்கர், ஸ்டீபன்சன் யாங் மூவரும் அங்கே ஒரு கோள் இருக்கக்கூடும் என்றார்கள். 1992இல் அவர்கள் குழுவே, இது விண்மீனின் சுழற்சியால் வருவதாக இருக்கலாம் என்று பின்வாங்கியது. 2003இல் மேலும் பல ஆண்டு அளவீடுகளோடு ஹாட்சஸ் குழு வந்து, கோள் இருக்கிறது என்று நிலைநாட்டியது. நேர்மையாகப் பின்வாங்கியதால் முதல் உறுதிப்பாட்டின் புகழை அந்தக் கனடியர்கள் இழந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

செம்பெருமீன் ஒன்றைச் சுற்றும் கோள் முதன்முதலில் ஏற்கப்பட்டது 2002இல், அயோட்டா டிராகோனிஸ் விண்மீனுக்கு. சபீனே ஃபிரிங்க் குழு கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் அதைக் கண்டது. ஐயமின்றி ஏற்றதற்கு ஒரு காரணம் உண்டு. கோளின் பாதை மிகவும் நீண்ட நீள்வட்டம். சுற்றுக்காலம் 511 நாள். அதனால் விண்மீனின் வேகம் நெடுநாள் மெல்ல மாறி, சட்டென்று ஏறி இறங்கும். புள்ளியோ விம்மலோ அப்படி ஒரு கோட்டை வரைவது கடினம்.

சரி, நம் மூன்று நாள்மீன்களுக்கு வருவோம்.

புனர்பூசம். 2006இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே போலக்ஸுக்குக் கோள் உண்டு என்று அறிவித்தன. சுற்றுக்காலம் சுமார் 590 நாள். வியாழனைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் எடை. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில், ஏறக்குறைய வட்டப்பாதையில் போகிறது. நமக்கு 34 ஒளியாண்டில், கண்ணால் காணும் ஒரு நாள்மீனுக்கு ஒரு கோள்! அடுத்த முறை யாராவது என் நாள் புணர்தம் என்று சொன்னால், அந்த மீனுக்கும் ஒரு பெரிய கோள் இருக்கிறதாம் என்று பிள்ளைகள் சொல்லலாம். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: 2021இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் போலக்ஸின் மிக மெல்லிய காந்தப்புலத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து, அதன் மாற்றமும் கோளின் சுற்றுக்காலத்தை ஒட்டிய கால அளவில் வருகிறது என்று கண்டார்கள். கோள் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. எச்சரிக்கையாக இருங்கள் என்றார்கள்.

ரோகிணி. 2015இல், ஏறத்தாழ முப்பது ஆண்டு அளவீடுகளைத் திரட்டி, 629 நாளில் சுற்றும், வியாழனைப் போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட எடையுள்ள கோள் உண்டு என்று ஹாட்சஸ் குழு அறிவித்தது. 2019இல் காட்யா ரைஷெர்ட் குழு வேறு அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. இன்று ரோகிணியின் கோள் ஐயத்துக்குரியது.

சுவாதிக்குக் கோள் உண்டு என்று இன்றுவரை உறுதியாகவில்லை.

மூன்றும் ஒரே கட்டுரையில் தொடங்கி இப்படி மூன்று வழியில் பிரிந்தன. இதில் என்னை மிகவும் தொட்டது 2018இல் நடந்தது. காமா டிராகோனிஸ் என்ற செம்பெருமீனை ஹாட்சஸ் குழு 2003 முதல் பார்த்து வந்தது. 702 நாளில் ஒரு சுற்று; எட்டு ஆண்டு பிசகாமல் வந்தது. வியாழனைப் போல் பத்து மடங்கு எடையுள்ள கோள் என்று அப்போதே அறிவித்திருக்கலாம். அவர்கள் பார்ப்பதை நிறுத்தவில்லை. 2011 முதல் 2013 வரை அந்தத் துடிப்பு காணாமல் போயிற்று. 2014இல் மீண்டும் வந்தது, ஆனால் முன்னைய தாளத்தோடு பொருந்தாமல். கோள் இரண்டு ஆண்டு விடுப்பு எடுக்காது. ஆக அது விண்மீனின் சொந்தத் துடிப்பு. இதுவரை நாம் அறியாத ஒருவகை விம்மலாக இருக்கலாம். இதை வெளியிட்டதால் தாம் ரோகிணிக்குச் சொன்ன கோளும் ஆட்டம் காணும் என்று ஹாட்சஸுக்குத் தெரியும். தெரிந்தே வெளியிட்டார்.

இப்போது திருவனந்தபுரத்துக்கு வருகிறேன். சுவாதி திருநாள் அமைத்த ஆய்வகத்துக்கு முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். அவருக்குப் பின் 1852இல் வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன். இதோ நமக்கு வடகிழக்கே நிற்கும் அகத்தியர்கூடத்தில் 1855இல் ஓர் ஆய்வுக் குடிலை ஏற்படுத்தி, மழையிலும் காட்டிலும் ஆள்களை வைத்துக் காந்த ஊசியின் அசைவை மணிக்கணக்காக, ஆண்டுக்கணக்காகக் குறிக்கச் செய்தார். உள்ளூர் உதவியாளர்களின் பொறுமை அது. இத்தகைய குறிப்புகளிலிருந்து பிரௌன் எடுத்த முடிவுகளில் ஒன்று, பூமியின் காந்தவிசை ஏறக்குறைய 26 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்பது. அதைச் சூரியன் தன்னைச் சுற்றும் காலத்தோடு அவர் இணைத்தார். ஓர் அசைவைப் பார்த்து, நீண்ட காலம் பார்த்து, இது விண்மீனின் சுழற்சியால் வருகிறது என்று பிரித்தறிவது. ரோகிணியிலும் போலக்ஸிலும் இன்று நடக்கும் வேலையின் சாரமும் அதுதான். நம் மலையில், இந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில் அத்தகைய பணி நடந்தது என்பது நம் பள்ளிகளில் சொல்லப்பட வேண்டிய செய்தி.

இத்தனை தொல்லைக்கு நடுவே முதிய விண்மீன்களை ஏன் விடாமல் தேட வேண்டும்? சூரியனைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு எடையுள்ள விண்மீன்கள் இளமையில் மிகச் சூடாக, மிக வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். அவற்றின் நிறமாலைக் கோடுகள் குறைவு, இருப்பவையும் அகன்று மங்கிப்போனவை. அசைவை அளக்கப் பிடி கிடைக்காது. அவை முதுமை அடைந்து குளிர்ந்து சுழற்சி தணிந்த பிறகுதான் கூரிய கோடுகள் ஆயிரக்கணக்கில் தோன்றும். ஆகவே எடைமிக்க விண்மீன்களுக்கு என்ன மாதிரிக் கோள்கள் என்று கேட்க வேண்டுமானால், முதியவற்றிடம்தான் கேட்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வானாய்வகம் ராஜஸ்தானில் அபு மலையின் குருசிகரத்தில் இருக்கிறது. அங்கே 1.2 மீட்டர் தொலைநோக்கியோடு அபிஜித் சக்ரவர்த்தி தலைமையில் பாரஸ் என்ற நிறமாலைமானியைக் கட்டினார்கள். வெப்பம் சிறிதும் மாறாத, காற்று நீக்கிய கலத்துக்குள் அது இருக்கிறது. விண்மீனின் ஒளியோடு பக்கத்திலேயே தோரியம்–ஆர்கான் விளக்கின் ஒளியும் பதிவாகும். அந்த விளக்கின் கோடுகள்தான் அளவுகோல். தோரியம் என்றால் வேறெதுவுமில்லை, 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கண்ட மோனசைட்டில் இருக்கும் அதே தனிமம்.

2021இல் அந்தக் குழு டிஓஐ-1789 என்ற விண்மீனின் கோளை அறிவித்தது. ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஆகாங்க்ஷா கண்டேல்வால். விண்மீன் 725 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சூரியனைப் போல் ஒன்றரை மடங்கு எடை. இன்னும் செம்பெருமீன் ஆகவில்லை, முதுமையின் படியில் கால் வைத்திருக்கிறது. கோள் மூன்றே நாளில், 3.2 நாளில், ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. விண்மீனின் ஆரத்தைப் போல் சுமார் ஐந்து மடங்கு தூரம்தான் இடையில். கோளின் வெப்பம் 2000 கெல்வின் வரை போகும். வியாழனின் எடையில் 70 விழுக்காடுதான். அகலமோ வியாழனைப் போல் 1.4 மடங்கு. சூடேறி உப்பிய கோள். அதை மறுமுறை அளந்து உறுதி செய்ய உதவியது ஜெர்மனியின் டவுட்டன்பர்க் ஆய்வகம். ஹாட்சஸ் பல ஆண்டு பணியாற்றிய இடம். 2023இல் அபு மலைக் குழு அடுத்து டிஓஐ-4603 என்ற துணைப் பெருமீனுக்கு ஒரு கோளைக் கண்டது. வியாழனைப் போல் ஏறக்குறைய 13 மடங்கு எடை; அகலம் வியாழன் அளவே. இப்போது குருசிகரத்தில் 2.5 மீட்டர் தொலைநோக்கியும் பாரஸ்-2 என்ற புதிய கருவியும் வேலை செய்கின்றன.

டிஓஐ-1789இன் கோள் என்ன ஆகும்? விண்மீன் பெருக்கப் பெருக்கக் கோளின் ஈர்ப்பு அதன்மேல் ஓதம் எழுப்பும், கோளின் பாதை மெல்லச் சுருங்கும், ஒருநாள் விழுங்கப்படும். இதைக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். 2025இல் எட்வர்ட் பிரையன்ட், வின்சென்ட் வான் ஐலன் இருவரும் டெஸ் என்ற கோள்தேடும் விண்கலம் பார்த்த சுமார் நாலரை லட்சம் முதிய விண்மீன்களை ஆராய்ந்து, விண்மீன் எவ்வளவு முதிர்ந்ததோ அவ்வளவுக்கு நெருங்கிய பெருங்கோள்கள் குறைவு என்று காட்டினார்கள். 2023இல் கிஷலய் தே குழு, சுமார் 12,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு விண்மீன் தன் கோளை விழுங்கியதன் ஒளியையே பார்த்ததாக அறிவித்தது.

விழுங்கிய கோள் விண்மீனில் தடயம் விடுமா? சில செம்பெருமீன்களில் லித்தியம் எதிர்பார்த்ததைவிட அதிகம். கோளை விழுங்கியதால்தான் என்று பலர் சொல்லி வந்தார்கள். எர்ரா பரத் குமார், பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஈஸ்வர் ரெட்டி முதலியோர் 2020இல் ஏராளமான விண்மீன்களை ஒப்பிட்டு, மையத்தில் ஹீலியம் எரியத் தொடங்கும் கட்டத்தில் விண்மீன் தானே லித்தியம் ஆக்குகிறது, அது அரிதும் அல்ல என்று காட்டினார்கள். எனவே லித்தியத்தைக் கண்டதும் கோள் தின்றது என்று இனிச் சொல்ல முடியாது.

விதியை மீறித் தப்பிய கோளும் உண்டு. கொரிய வானியலாளர்கள் 2015இல் கண்ட அந்தக் கோளின் பெயர் ஹல்லா, அதன் விண்மீன் பேக்டு. ஒன்று தென்கொரியாவின் மலை, மற்றொன்று வடகொரியாவின் எல்லையில் நிற்கும் மலை. எல்லையோர ஊரில் நின்று இந்தப் பெயர்களைச் சொல்லும்போது எனக்குத் தனி நிறைவு. 2023இல் மார்க் ஹான் குழு பேக்டுவின் அதிர்வுகளைக் கேட்டு, அதன் மையத்தில் ஹீலியம் எரிகிறது என்று கண்டது. கோளைத் தேடுவோருக்கு இடராக இருந்த அதே விம்மல் இங்கே விண்மீனின் வயிற்றுக்குள் பார்க்க உதவியது. ஹீலியம் எரிகிறது என்றால், விண்மீன் ஒருமுறை கோளின் பாதையைத் தாண்டி ஊதிப் பிறகு சுருங்கியிருக்க வேண்டும். கோளோ 93 நாளில் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முன்பு அங்கே இரண்டு விண்மீன்கள் இருந்து ஒன்றிப்போனதால் அந்த ஊதல் தடைபட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நான் அதை ஏற்கச் சாய்கிறேன்.

பூமியின் கதி என்ன என்று பிள்ளைகள் முகத்தில் கேள்வி தெரிகிறது. சூரியன் பெருக்கும்போது புதனும் வெள்ளியும் விழுங்கப்படும். பூமிக்கு இரண்டு விசைகள் போட்டி போடும். சூரியன் தன் எடையை வெளியே ஊதி இழக்க இழக்கப் பூமியின் பாதை விரியும். ஓதத்தின் இழுப்பு அதைச் சுருக்கும். 2008இல் ஷ்ரோடரும் ஸ்மித்தும் செய்த கணக்கில் இழுப்பு வென்றது, பூமி விழுங்கப்பட்டது. ஆனால் 2024இல் கெமிங் ஜாங் குழு, சுமார் 4,000 ஒளியாண்டுக்கு அப்பால் வெண்குறுமீன் ஒன்றை, அதாவது செம்பெருமீன் பருவம் முடிந்து எஞ்சிய மையத்தை, பூமியைப் போல் இரண்டு மடங்கு எடையுள்ள ஒரு கோள் சுற்றுவதை அறிவித்தது. அது இன்று இருப்பது பூமி–சூரியன் தூரத்தைப் போல் இரண்டு மடங்கில். விண்மீன் எடையிழந்தபோது பாதை விரிந்தது என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், அந்தக் கோள் தொடங்கிய இடம் ஏறக்குறைய பூமி இன்று இருக்கும் தூரமாக இருந்திருக்கலாம்.

இனி நீங்கள் கேளுங்கள். பிள்ளைகள் முதலில்.